கதவுநிலையில் குளவிக்கூடு

எங்கள் வீட்டுக் குசினிக்குப் பக்கத்தில், பின் விறாந்தையைப் பார்த்தபடி ஒரு சின்ன அறை. நான் கலியாணம் முடித்து மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் வந்து திருகோணமலையில் இறங்கிய அன்றே மாமி அதைத் திறந்து காட்டினார். "இது பிள்ளைக்கு" என்றார். என் கழுத்து மாலை இன்னும் வாடவில்லை. கடல் காற்றில் தொண்டை வறண்டு வந்தவளுக்கு ஒரு வாய் தண்ணீர் தருவதற்கு முன்பே பிள்ளைக்கு அறை காட்டிய மனுஷி அவர். எனக்குச் சுள்ளென்று ஏறியது. புதுப்பெண் ஆயிற்றே என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றதாக ஞாபகமில்லை.

வருஷங்கள் போயின. அறை சும்மா கிடந்தது. மாமி அரிசி மூட்டை வைக்க விடமாட்டார். விளக்குமாறு சாத்தவும் விடமாட்டார். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னச் சந்தில், இருந்த பெண்கள் வந்தால் முதலில் என் வயிற்றைப் பார்ப்பார்கள், பிறகு முகத்தைப் பார்ப்பார்கள். "ஏதும் விசேஷமோ?" என்று கேட்பார்கள். பாண் ரொட்டிக்கு விடியற்காலையிலேயே வரிசையில் நின்ற காலம் அது. "ஓம், இண்டைக்குப் பாண் கிடைச்சது. அதுதான் விசேஷம்" என்பேன். மாமிக்கு முகம் கறுக்கும். கறுக்கட்டும் என்று விடுவேன்.

எனக்கும் பிள்ளை ஆசை இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கினால் இறக்கிவிட மனம் வராது. ஆனால் என் ஆசை என்னோடு. அதை ஒழுங்கை முழுவதும் பங்குபோட்டுப் பேசுவதற்கு நான் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலில் ஏறுகிற, இறங்குகிற சாமானுக்குக் கணக்கு எடுப்பவர். அதிகம் கதைக்கமாட்டார். ஒருநாள் வந்து, ஊர் திரும்பும் கப்பல்காரன் ஒருவன் தன் ரஷ்யக் கமராவுக்குப் பதிலாக ஏதாவது கைவேலைச் சாமான் கேட்கிறான் என்றார். எங்கள் வீட்டுச் சாலையில், வந்தவர்கள் இருக்கிற முன்னறையில், கருங்காலி யானை ஒரு சோடி நின்றது. மாமி கலியாணத்துக்குத் தந்தது. "இதைக் குடுங்கோ" என்றேன். "அம்மா?" என்றார். "அம்மாவை அவன் கேட்கேல்லையே" என்றேன். யானைகள் கப்பலேறின. மாமி ஒரு கிழமை, முழுதாக ஏழு நாள், என்னோடு கதைக்கவில்லை. அந்தக் கிழமை நிம்மதியாகப் போனது.

கமரா வந்தது சரி, அதில் நான் பார்க்க நினைத்ததைப் பார்க்க முடியவில்லை. எனக்கு மனிதர்களைப் படமெடுக்க ஆசையில்லை. மனிதர்களைத்தான் நாள் முழுக்கப் பார்க்கிறேனே. முற்றத்துத் துளசியின் பூ, முருங்கைப் பூவுக்குள் நுழைகிற சின்னத் தேனீ, நெருஞ்சிப் பூவின் மஞ்சள், இவற்றைத்தான் பெரிதாகப் பார்க்க வேண்டும். ஒரு முழத்துக்குக் கிட்டப் போனாலே அந்த லென்ஸில் எல்லாம் மங்கிவிடும்.

கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்தவர் கிண்ணியாக்காரர். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். அவரிடம் போய்க் கேட்டேன்.

"அதுக்கெண்டு தனி லென்ஸ் ஒண்டு இருக்கு தங்கச்சி. கொழும்பிலயும் இப்ப இல்ல. வெளிநாட்டுச் சாமான் எதுதான் வருது? ஏலாத வேல. ஆக்கள எடுங்க" என்றார்.

ஏலாது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த நிமிஷமே ஏலும் போல இருக்கும். பிறவிக் குணம். அம்மா இதற்காக என்னை எத்தனையோ தரம் அடித்திருக்கிறார், அடியால் போகவில்லை.

வழி கிடைத்தது சாப்பாட்டு மேசையில். லென்ஸைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். மேசையில் ஒரு சிவப்பு எறும்பு சீனித் துணிக்கை ஒன்றை இழுத்துக்கொண்டு போனது. சீனி கூப்பனுக்குக் கிடைத்த காலத்தில் அதற்கு எவ்வளவு துணிவு என்று நினைத்து, கையிலிருந்த லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி அதன் மேல் பிடித்துக் குனிந்தேன். எறும்பின் தாடை தெரிந்தது. தாடையிலிருந்த மயிர் தெரிந்தது. அப்படியே லென்ஸைக் கவிழ்த்தபடி கமராவின் வாயில் பொத்திப் பிடித்து, கண்ணை வைத்துப் பார்த்தேன். சீனித் துணிக்கை கற்கண்டுக் கட்டி அளவுக்கு நின்றது. நான் போட்ட சத்தத்தில் மாமி குசினியிலிருந்து ஓடிவந்தார், பாம்பு என்று நினைத்து.

கவிழ்த்த லென்ஸ் கமராவோடு பொருந்தாது. என் கணவருடைய சைக்கிளின் பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி, வளையலாக மாட்டி இரண்டையும் இறுக்கினேன். வெளிச்சமும் உள்ளே கசியவில்லை. இன்னும் பெரிதாக வேண்டுமென்றால் இடையில் இரண்டு பக்கமும் வெட்டிய பால்டின் ஒன்று, உள்ளே விளக்குக் கரி பூசி. வேறு ஒன்றும் வேண்டாம். லென்ஸைத் திருகிச் சரிப்படுத்தவும் ஏலாது; நானே முன்னுக்கும் பின்னுக்கும் அசைய வேண்டும். ஒரு நெல்லுமணித் தடிப்புத்தான் தெளிவாக விழும், அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புகை. பூச்சி நாலு விரற்கடைக்குள் இருக்கும். கவிழ்த்து வைத்த உரலில் முழங்கையை ஊன்றி, மூச்சைப் பிடித்து, காற்று நிற்கும்வரை காத்திருப்பேன். துறைமுகப் பக்கத்துக் காற்று எப்போது நின்றது? அவர் லீவில் நின்றால் அலுமாரிக்குள் இருந்த கைக்கண்ணாடியால் வெயிலைத் திருப்பிப் பூவில் அடிப்பார்.

பிலிம் நானா தந்தது. அடையாள அட்டைக்குப் படம் வேண்டுமென்று ஊரெல்லாம் அவர் கடையில் நின்றது. சுருள் முடிவில் மிஞ்சுகிற துண்டுகளை எனக்கென்று ஒரு டின்னில் போட்டு வைப்பார். அம்மா மூதூரிலிருந்து அனுப்பும் எருமைத் தயிரில் ஒரு சட்டி அவர் வீட்டுக்குப் போகும்.

பிலிமைக் கழுவ ஒரு இருட்டறை தேவைப்பட்டது. வீட்டில் சும்மா கிடந்தது ஒன்றுதான்.

கேட்டால் மாமி இல்லை என்பார் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை. தேயிலைப் பெட்டிப் பலகையில் கணவரைக் கொண்டு ஒரு அகன்ற மேசை அடித்து உள்ளே போட்டேன். யன்னலைக் கறுப்புத் தாளால் அடைத்தேன். தட்டுகளை அடுக்கினேன். மாமி வாசலில் நின்று மூக்கைப் பொத்தினார்.

"அது பிள்ளையின்ர அறை."

"பிள்ளை வரட்டும் மாமி. வந்த அண்டைக்கே எழும்பி இடம் குடுக்கிறன்."

"இந்த மருந்து மணத்துக்குள்ள எப்பிடிப் பிள்ளை வரும்?" என்று கேட்டார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அன்றைக்கே எனக்குத் தெரியும், என்றைக்காவது அவர் இந்த அறையைத் திருப்பிக் கேட்பார் என்று. கொடுப்பதில்லை என்றும் அன்றைக்கே முடிவு செய்தேன். அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அப்படி இருக்கும்போதுதான் குளவி வந்தது. நூல் இடுப்பும் மஞ்சள் காலுமாக ஒன்று. கிணற்றடிச் சேற்றை உருட்டி உருட்டிக் கொண்டுவந்து, அந்த அறைக் கதவின் நிலையில், கதவு திரும்புகிற பிணைச்சலுக்குக் கிட்ட, வெளிப்பக்கமாகச் சின்னக் குடம் போல ஒரு கூடு கட்டியது.

குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை உண்டாகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கூட்டை யாரும் உடைக்கமாட்டார்கள். உடைத்தால் வயிற்றில் தங்கியது கலைந்துவிடும் என்று பயம். வேறெங்காவது கட்டியிருந்தாலும் பரவாயில்லை. பிள்ளையின் அறை வாசலிலேயே கட்டிவிட்டது. மாமி அதைப் பார்த்துவிட்டுக் கை கூப்பினார். பொழுதுபடுவதற்குள் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒருத்தி பச்சை மாங்காய் கொண்டுவந்து கையில் வைத்துச் சிரித்தாள். நான் அதை அவள் முன்னாலேயே சம்பலுக்கு வெட்டினேன்.

அடுத்த கிழமை மாமி சுண்ணாம்பு அடிக்க ஒருவரைக் கூட்டிவந்தார். அறையைக் கழுவி, வெள்ளையடித்து, தொட்டில் கட்ட வளையம் மாட்ட வேண்டுமாம். என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். நான் சந்தைக்குப் போய் வந்தபோது என் தட்டுகளும் போத்தல்களும் முற்றத்தில் வெயிலில் கிடந்தன. மிஞ்சியது மேசைதான். அதைத் தூக்கி வாசல் வரை கொண்டுவந்துவிட்டார்கள். அங்கே இறுகிப்போய் நின்றது.

ஏனென்று எனக்கு உடனே விளங்கியது. கதவு வெளியே திறக்கிற கதவு. பாதிக்கு மேல் திறந்தால் கூடு நசுங்கும். பாதி திறந்த கதவால் மேசை வராது.

மரக்கறிப் பையை இறக்கி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவ்வளவு கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

"எடுங்கோ மாமி. கதவை அகலத் திறந்தால் மேசை வரும். கூடு போகும். ஆர் திறக்கிறது?"

மாமி சுண்ணாம்புக்காரரைப் பார்த்தார். அவர் கையைப் பின்னுக்கு எடுத்துவிட்டார். "நானெண்டால் தொடமாட்டன் அம்மா. என்ர மகளும் வயித்தோட இருக்கிறாள்."

"நீ வேணுமெண்டு செய்யிறாய் பிள்ளை" என்றார் மாமி என்னிடம்.

"குளவியை நான் கூப்பிடேல்லை."

மாமி கதவையும் கூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய கை ஒருமுறை கதவுப் பக்கம் போனது. தொடவில்லை. "கூட்டில இருக்கிறது பறக்கட்டும். பிறகு பாப்பம்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார். சுண்ணாம்பு வாளி வந்த வழியே திரும்பிப் போனது. மேசையை நானும் அந்த மனிதருமாகத் திரும்ப உள்ளே தள்ளினோம்.

ஆக, குளவி பறக்கும்வரைதான் எனக்குத் தவணை. அந்தத் தவணையை நான் சும்மா விடவில்லை. கவிழ்த்த லென்ஸோடு விறாந்தையில் உட்காருகிற மரவாங்கு ஒன்றை இழுத்துப் போட்டு ஏறி நின்றேன். குளவி பச்சைப் புழு ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து கூட்டு வாய்க்குள் திணித்ததை எடுத்தேன். வாயைச் சேற்றால் அடைத்து, நெற்றியால் அழுத்தியதை எடுத்தேன். அது என்னை ஒருமுறையும் குத்தவில்லை. அந்த வீட்டில் என் வேலைக்குக் குறுக்கே வராத பெண் அது ஒன்றுதான்.

படத்தை மாமியிடம் காட்டினேன். வாங்கி நெடுநேரம் பார்த்தார். "புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்ர பிள்ளையாக்கிப்போடும்" என்றார்.

"இல்லை மாமி. புழு தீனி. முட்டை உள்ளுக்கு இருக்கு. வாறது அதின்ர சொந்தப் பிள்ளை."

அவர் படத்தைக் கவிழ்த்து வைத்தார். "எல்லாத்தையும் உவ்வளவு கிட்டப் போய்ப் பாக்கக்கூடாது பிள்ளை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்றும் அது நினைவில் நிற்கிறது.

அந்த மாதம் மாமி கோயில் மரத்தில் தொட்டில் கட்டுவதற்கு நேர்த்திக்கடன் வைத்திருந்தார். கை அளவில் ஒரு மரத்தொட்டில், மஞ்சள் துணி சுற்றியது. நான் என் கையால் கட்ட வேண்டும். மாட்டேன் என்றுதான் சொல்ல இருந்தேன். அவர் தொட்டிலை நீட்டியபடி என் முகத்தைப் பார்த்தார். அவருக்காக ஓம் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை. கூறைச்சேலை உடுத்தி, தொட்டிலைக் கையில் பிடித்தபடி பின்கதவைப் பூட்டப் போனேன். கூட்டில் கடுகளவு ஈரம் தெரிந்தது. காய்ந்த சேற்றில் ஈரம் எப்படி வரும்? உள்ளே இருக்கிற குட்டிக் குளவி எச்சிலால் நனைக்கிறது. பார்த்துக்கொண்டு நிற்கவே ஈரம் மிளகளவானது.

தொட்டிலை வாங்கில் வைத்தேன். கமராவை எடுத்தேன். உள்ளே இருந்தது கடைசித் துண்டு பிலிம்.

ஒழுங்கையில் வாடகைக் கார் கோர்ன் அடித்தது. மாமி வந்தார்.

"கார் நிக்குது பிள்ளை."

"நான் வரேல்லை மாமி. இது வெளிக்கிடுது."

"நேர்த்தி வைச்சது..."

"நேர்த்தி வைச்சது நீங்கள். நான் வைக்கேல்லை."

மாமி மகனைத் திரும்பிப் பார்த்தார். அவர் வேட்டியும் சால்வையுமாக விபூதி பூசிக்கொண்டு நின்றார். "நீ சொல்லடா அவளுக்கு" என்றார் மாமி. என் கணவர் என்னைப் பார்த்தார், கூட்டைப் பார்த்தார். திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார்.

போகட்டும் என்று நினைத்தேன். ஆனால் இந்த மனுஷனும் போய்க் காரில் ஏறினால் அறையும் போச்சு, கமராவும் போச்சு, இனி இந்த வீட்டில் நான் யாரோ என்றுதான் இருந்தது. கண் கலங்கியதில் கமராவுக்குள் ஒன்றும் தெரியவில்லை.

அவர் திரும்பி வந்தார். கையில் அலுமாரியிலிருந்த கைக்கண்ணாடி. முற்றத்தில் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வெயில் எந்தப் பக்கத்தால வேணும்?" என்று கேட்டார்.

மாமி வாங்கில் கிடந்த தொட்டிலை எடுத்துக்கொண்டு தனியே போனார். கார் போகிற சத்தம் கேட்டது.

சேறு இடிந்தது. முதலில் ஒரு தாடை வந்தது, பிறகு இரண்டு. உள்ளேயிருந்து அரம் போடுவது போல ஓட்டையை அகலமாக்கியது. நடுவில் நின்று களைப்பாறியது. பிறகு முகம் வந்தது. மஞ்சள் நெற்றி, ஈரமான கொம்பு, கறுத்த பெரிய கண். நான் நாலு விரற்கடையில் நின்றேன். உலகத்தில் அது முதலில் கண்டது என்னைத்தான், கவிழ்ந்த லென்ஸுக்குப் பின்னால். மூச்சைப் பிடித்து அழுத்தினேன். அசைந்து அசைந்து இன்னும் அழுத்தினேன். பிலிம் முடிந்து, அதைச் சுற்றுகிற நெம்பு இறுகியது. குளவி கூட்டு விளிம்பில் ஏறி நின்று இறகை விரித்துக் காய வைத்துவிட்டு, கிணற்றடிப் பக்கம் பறந்தது.

நான் வாங்கில் உட்கார்ந்து அழுதேன். நல்லாய் வாய்விட்டு அழுதேன். எனக்குப் பிள்ளை வராது என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை, ஆனால் வெறுங்கூட்டைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். மாமி வந்து பார்த்தபோதும் நாங்கள் அப்படியேதான் இருந்தோம்.

முகம் விழுந்த படத்தை நானா பெரிதாகப் போட்டுத் தந்தார். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "இத அடையாள அட்டைக்கு அனுப்பினா எடுப்பான் தங்கச்சி. நம்மட ஆக்கள்ல பாதிப் பேருக்கு இவ்வளவு தெளிவா முகம் விழல்ல" என்றார். பிறகு, "அந்த லென்ஸ் இல்லாமத்தானே எடுத்தீங்க?" என்று இன்னொரு தரம் கேட்டார். "ஏலாதெண்டு சொன்னது நீங்கள்தானே நானா" என்றேன்.

சட்டம் போட்டு, சாலையில் யானைகள் நின்ற இடத்துக்கு மேலே மாட்டினேன். ஒழுங்கைப் பெண்கள் வந்து, வழக்கம்போல வயிற்றைப் பார்த்து, "கூடு பறந்திட்டுதாம். ஏதும் விசேஷமோ?" என்றார்கள்.

"ஓம். பிறந்திட்டுது. அங்க பாருங்கோ, தாயைப் போல மூக்கும் முழியும்" என்று சுவரைக் காட்டினேன். சிலர் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. சிலர் பிறகு வரவேயில்லை. இரண்டும் எனக்குச் சரி.

மாமி மட்டும் அறையைத் திருப்பிக் கேட்கவில்லை. கூடு வெறுமையாகிவிட்டது, இனிக் கதவை அகலத் திறக்கலாம், மேசையை எடுக்கலாம். ஒவ்வொரு நாள் காலையும் அவர் அந்த வாசலைக் கடந்து போகும்போது நான் குசினியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். சண்டைக்கு வேண்டிய சொல்லெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். அவர் சண்டைக்கு வரவில்லை. நானும் கதவைப் பாதிக்கு மேல் திறக்காமலே பழகிவிட்டேன்.

அதற்குப் பிறகு கன வருஷம் போய்விட்டது. கடைகளில் சாமான் வரத் தொடங்கிவிட்டது. நானாவின் கடைக் கண்ணாடிக்குள் அந்தத் தனி லென்ஸும் வந்து உட்கார்ந்திருந்தது. நான் வாங்கவில்லை. தேவையான காலத்தில் வராமல் இப்போது வந்து யாருக்கு என்ன? சைக்கிள் டியூபை மட்டும் புதிதாக வெட்டிக்கொண்டேன்.

ஒரு வருஷம் தைப்பொங்கலுக்கு முன் வீடு முழுவதற்கும் பெயின்ட் அடித்தோம். அன்றைக்கு நான் அறைக்குள் இருந்தேன். கிணற்றடிச் செவ்வரத்தம் பூவுக்குள் ஒரு குட்டி வெட்டுக்கிளி இருந்த பிலிம், தட்டில் மருந்துக்குள் கிடந்தது. வெளிச்சம் பட்டால் போச்சு. கதவுக்கு வெளியே பெயின்ட்காரன் கரண்டியால் நிலையைச் சுரண்டும் சத்தம் கேட்டது. கத்தலாம் என்று வாயைத் திறக்கும் நேரம் அவன் கதைத்தான்.

"அம்மா, இதில ஒரு பழைய குளவிக்கூடு கிடக்கு. சுரண்டிப்போட்டு அடிக்கட்டே? உள்ளுக்கு ஒண்டும் இல்லை."

மாமியின் குரல் கிட்டத்திலிருந்து வந்தது. எவ்வளவு நேரமாக அங்கே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாரோ தெரியாது.

"உள்ளுக்கு ஒண்டும் இல்லையெண்டு எனக்கும் தெரியும் தம்பி. அதைச் சுத்தி அடியும். கதவை இழுக்காதையும். அது மருமகளின்ர அறை, அவ வேலை செய்யிறா."

இருட்டுக்குள், பிலிம் கெட்டுவிடக் கூடாதே என்று தட்டை இரண்டு கையாலும் பிடித்து, மெல்ல மெல்ல ஆட்டிக்கொண்டு நின்றேன்.